சுண்ணாம்புத் தண்ணீரா, ஆப்ப சோடாவா: பவளத் தொட்டிக்கு எதை ஊற்றுவது?

போன மாதம் இங்கே சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து தெரிந்த தம்பி ஒருவர் அழைத்தார். வீட்டில் 60 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. கல் பவளங்களில் இரண்டு டார்ச், ஒரு ஹேமர்; கல் எலும்பு கட்டாத வகையில் கொஞ்சம் ஸோவா. "அண்ணே, ஆல்க் 6.1க்கு வந்துடுச்சு. ஒரு கடையில டூ-பார்ட் வாங்குங்கிறாங்க, இன்னொரு கடையில ரியாக்டர் போட்டா நிம்மதிங்கிறாங்க. எதை வாங்கட்டும்?"

"உன் தொட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்குது?" என்று கேட்டேன்.

"தெரியாதுண்ணே."

பவளம் ஒரு நாளில் தண்ணீரிலிருந்து எவ்வளவு ஆல்க்கை, அதாவது ஆல்கலினிட்டி என்ற கார்பனேட் சரக்கை, எடுக்கிறது என்று தெரியாமல் எதை வாங்கினாலும் காசுக்குக் கேடுதான். பத்து வருஷத்துக்கு முன் நானும் இதே நிலையில்தான் இருந்தேன். அந்த எண் தெரியாமலேயே, அளந்து ஊற்றும் டோசிங் பம்ப் ஒன்றையும் நாலு புட்டியையும் வாங்கி அடுக்கினேன்.

கல் பவளம் தன் எலும்பைக் கட்டுவது கால்சியம் கார்பனேட்டால். அதற்கு இரண்டு சரக்கு வேண்டும்: கால்சியம், ஆல்கலினிட்டி. கடலில் கால்சியம் 410, 420 பிபிஎம் இருக்கும். ஆல்க், அதை அளக்கும் அலகான டிகேஎச்சில், 7ஐ ஒட்டி இருக்கும். கடல் பெரிது, எவ்வளவு எடுத்தாலும் அசையாது. நம் தொட்டி அப்படியில்லை. பவளம் 1 டிகேஎச் ஆல்க்கை எடுக்கும்போது கூடவே 7 பிபிஎம் கால்சியத்தையும் எடுக்கிறது. 420 இருந்த இடத்தில் 413 ஆனால் சோதனைக் கிட்டில் தெரியக்கூடத் தெரியாது. 8 இருந்த இடத்தில் 7 ஆனால் பவளத்துக்கே தெரிந்துவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் கால்சியத்தை மாதம் இரண்டு முறையும் ஆல்க்கை அடிக்கடியும் பார்க்கிறார்கள். மக்னீசியம் இன்னும் மெதுவாகக் குறையும். அது 1300 பக்கம் இருந்தால் மற்ற இரண்டும் தண்ணீரிலேயே வெள்ளைத் தூளாகப் படிந்துவிடாமல் பிடித்து வைக்கும். மாதம் ஒரு தரம் பார்த்தால் போதும்.

தொட்டியின் குடி அளவைக் கண்டுபிடிக்க வித்தை ஒன்றும் வேண்டாம். ஆல்க்கை முதலில் 8 பக்கம் கொண்டுவாருங்கள். பிறகு மூன்று நாள் எதையும் ஊற்றாமல் தினமும் ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள். நான் விளக்கு எரியத் தொடங்கும் முன் அளப்பேன். என் மூன்றடித் தொட்டியில், கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியான சம்ப்பையும் சேர்த்து 180 லிட்டர், முதல் முறை இப்படிச் செய்தபோது 8.4, 7.8, 7.2 என்று வந்தது. அதாவது ஒரு நாளைக்கு 0.6. கையடக்க ஹன்னா கருவிகூட 0.3 முன்பின் காட்டும் என்பதால் ஒரு நாள் கணக்கை நம்பாதீர்கள், மூன்று நாள் சராசரியை எடுங்கள். சோதனைக் குழாயின் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிட்டு அளக்கவும். விரல் ரேகை ஒன்று போதும், எண் தாவிவிடும்.

இந்த எண்ணோடு இன்னொன்றையும் நான் பார்ப்பேன்: வாங்கப் போகும் முறை சொதப்பினால் எப்படிச் சொதப்பும்? பம்ப் நின்றுபோகும், சுவிட்ச் சிக்கும், நாம் ஊரில் இருக்க மாட்டோம். பாத்திரத்தில் இருப்பது மொத்தமும் ஒரே ராத்திரியில் தொட்டிக்குள் போனாலும் தொட்டி பிழைக்குமா? இந்தக் கேள்வியைக் கடையில் யாரும் கேட்பதில்லை.

சரி, இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி, எதையும் ஊற்றாமல் வாராவாரம் தண்ணீர் மாற்றுவது மட்டும். கல் எலும்பு கட்டாத லெதர், மஷ்ரூம், ஸோவா மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது தாராளமாகப் போதும். கல் பவளம் வந்துவிட்டால் கணக்கு உதைக்கும். தொட்டி 6இல் இருக்கிறது, புது உப்புநீர் 8இல் இருக்கிறது என்றால் 10 சதவீதம் மாற்றினால் ஏறுவது 0.2தான். நாளுக்கு 0.6 குடிக்கும் தொட்டி வாரத்தில் 4.2 காலி செய்துவிடும். ரெட் சீ கோரல் புரோ மாதிரி 12 பக்கம் இருக்கும் உப்பைப் போட்டாலும், தொட்டியை 8இல் நிறுத்த நினைத்தால் 10 சதவீதம் மாற்றும்போது கிடைப்பது 0.4. ஆக வாரத்துக்கே 0.4தான் குறைகிறது என்றால் இது உங்களுக்கான வழி, நிம்மதியாக இருங்கள். அதற்கு மேல் குடித்தால் தண்ணீர் மாற்றத்தைக் கழிவு நீக்கவும் சில்லறைத் தாதுக்களுக்கும் வைத்துக்கொண்டு, ஆல்க்குக்கு வேறு வழி பார்க்க வேண்டும். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் குளோராமின் கலந்திருக்கிறது. எந்த வழிக்குப் போனாலும் ஆர்ஓ சவ்விலும் டிஐ பிசினிலும் வடிகட்டிய தண்ணீர்தான் அடிப்படை.

அடுத்தது சுண்ணாம்புத் தண்ணீர். ஜெர்மன் பெயரிலேயே கால்க்வாஸர் என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். அதற்கு அர்த்தமே சுண்ணாம்புத் தண்ணீர்தான். 1970களில் பீட்டர் வில்கென்ஸ் இதைப் பவளத் தொட்டிக்காரர்களிடையே பரப்பினார். நமக்கு இது புதுச் சரக்கு இல்லை. வெற்றிலைக்குத் தடவும் அதே கால்சியம் ஹைட்ராக்சைடு. அதற்காகத் தேக்கா கடையில் விற்கும் டப்பாச் சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள், அதில் வேறு என்னென்ன கலந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும். உணவுத் தரத்தில் தூளாக விற்பதை வாங்குங்கள். ஒரு காலத்தில் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டிக்கொண்டுவந்து சுண்ணாம்புக்காகச் சுட்டார்கள். நாம் சுண்ணாம்பைக் கரைத்துப் பவளத்தை வளர்க்கிறோம். முதல் தடவை கரைத்தபோது இது மனதில் ஓடியது, இன்னும் போகவில்லை.

செய்முறை எளிது. லிட்டருக்குச் சுமார் 1.5 கிராம் வரைதான் கரையும். மீதி அடியில் வண்டலாகத் தங்கும். கலக்கி மூடி வைத்துவிட்டால் சில மணி நேரத்தில் மேலே கண்ணாடிபோலத் தெளிந்துவிடும். பாத்திரத்தைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து பால் ஆடைபோல மெல்லிய தோல் மிதக்கும். அது நம் சரக்கு வீணாகிறது என்பதற்கு அடையாளம், ஆகவே மூடி முக்கியம். தெளிந்ததை மட்டும், ஆவியாகிப் போன தண்ணீருக்குப் பதிலாக, சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும். பிஎச் 12க்கு மேல் இருக்கும் திரவம் இது. கையில் பட்டால் கழுவுங்கள், கண்ணில் படவே கூடாது.

நிறையக் கரைத்த தண்ணீரில் 114 டிகேஎச் பக்கம் இருக்கிறது. என் 180 லிட்டர் தொட்டியில் தினமும் 1.5 லிட்டர் ஆவியாகும். அந்த 1.5 லிட்டரும் சுண்ணாம்புத் தண்ணீராகப் போனால் 0.95 டிகேஎச் கிடைக்கும். எனக்கு அப்போது தேவை 0.6, ஆக லிட்டருக்கு 1 கிராம் போட்டாலே போதுமாக இருந்தது. கால்சியமும் அதே விகிதத்தில் தானாகச் சேர்ந்துவிடும், தனியாக எதுவும் வேண்டாம். ஒரு கிலோ தூள் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. இதைவிட மலிவான வழி கிடையாது.

இந்த ஊரில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சில்லர் வைத்தவர் தொட்டியில் ஆவியாவது குறைவு. மின்விசிறி வைத்துக் குளிர்விப்பவருக்கு அது இரண்டு மடங்குகூடப் போகும். சில்லருக்குக் காசு போட்டவருக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் சீக்கிரமே பற்றாமல் போகும். விசிறிக்காரர் ரொம்ப நாள் ஓட்டலாம்.

இதன் இன்னொரு பெரிய நன்மை பிஎச். ராத்திரி ஜன்னலை அடைத்து ஏசி போட்டு நாலு பேர் தூங்கும் வீட்டில் கரியமில வாயு ஏறும், தொட்டியின் பிஎச் 7.8க்கு இறங்கும். சுண்ணாம்பு அந்த வாயுவைப் பிடித்துக்கொள்வதால் பிஎச்சைத் தூக்கி நிறுத்தும். நான் ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு வரைதான் ஊற்றுகிறேன்.

சரி, எப்படிச் சொதப்பும்? அதை நான் நன்றாகவே பார்த்துவிட்டேன். ஆறு லிட்டர் டப்பாவில் சுண்ணாம்புத் தண்ணீரை நிரப்பி, ஆவியான தண்ணீரை ஈடுகட்டும் தானியங்கி டாப்-அப்பில் இணைத்திருந்தேன். ஒரு ராத்திரி, சம்ப்பில் மேய்ந்துகொண்டிருந்த நத்தை ஒன்று மிதவைச் சுவிட்ச்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மிதவை கீழேயே இருந்தது. தண்ணீர் குறைவு என்று நினைத்துப் பம்ப் ஆறு லிட்டரையும் உள்ளே தள்ளிவிட்டது. காலை ஐந்தரைக்குக் காபி போட எழுந்தவன் தொட்டியைப் பார்த்தேன். உள்ளே மீன் தெரியவில்லை, கஞ்சித் தண்ணீர் மாதிரி இருந்தது. பிஎச் 9.1. ஜன்னல்களைத் திறந்தேன், கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரில் காற்றைக் கூட்டினேன், கடையில் வாங்கிய வெறும் சோடாத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக சம்ப்பில் விட்டேன், அதிலுள்ள கரியமில வாயு பிஎச்சை இறக்கும் என்பதால். மதியத்துக்குள் 8.5க்கு வந்தது. இரண்டு நாள் கழித்து அளந்தால் ஆல்க் 6.8! ஏறியிருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் எல்லாம் வெள்ளைத் தூளாகப் பாறை மேல் படிந்து, ஏற்கெனவே இருந்ததையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஓர் இறாலும் அக்ரோபோரா என்ற கல் பவளத்தின் இரண்டு துண்டுகளும் போயின. நத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றிலிருந்து டாப்-அப்பில் வெறும் ஆர்ஓ தண்ணீர்தான். சுண்ணாம்புத் தண்ணீர் தனி டோசிங் பம்ப்பில், மணிக்கு இத்தனை மில்லி என்று போகிறது. அந்தப் பம்ப் ராத்திரி முழுக்க நிற்காமல் ஓடினாலும் இரண்டு லிட்டரைத் தாண்டாது. அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்துதான் வாங்கினேன்.

மூன்றாவது, டூ-பார்ட். ஒரு பாட்டிலில் கால்சியம் குளோரைடு, இன்னொரு பாட்டிலில் ஆப்ப சோடா. கடையில் அழகான பெயர்களில் விற்பதில் பெரும்பாலானவை இந்த இரண்டும்தான், கூடக் கொஞ்சம் சில்லறைத் தாதுக்கள். அமெரிக்க வேதியியலர் ரான்டி ஹோம்ஸ்-ஃபார்லி வீட்டிலேயே செய்யும் கணக்கைப் பல வருஷம் முன்பே எழுதி வைத்துவிட்டார். பாதி வீரியத்தில் வேண்டுமென்றால் லிட்டருக்கு 78 கிராம் ஆப்ப சோடா ஒரு பாட்டிலில், லிட்டருக்கு 66 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் இன்னொன்றில். இரண்டையும் சம அளவு ஊற்ற வேண்டும். பேக்கிங் பவுடர் வேறு, ஆப்ப சோடா வேறு. கடை அடுக்கில் பக்கத்திலேயே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். ஆப்ப சோடாவை 150 டிகிரி அடுப்பில் ஒரு மணி நேரம் வைத்தால் சோடியம் கார்பனேட் ஆகிவிடும். அது பிஎச்சையும் உயர்த்தும். வீட்டில் பிஎச் ஏற்கெனவே நன்றாக இருந்தால் சுடாமலே போடலாம்.

இதன் பலம், எவ்வளவு குடிக்கும் தொட்டிக்கும் ஈடுகொடுக்கும் என்பது. ஆவியாகும் தண்ணீரோடு சம்பந்தமே இல்லை. ஆல்க்கை மட்டும் கூட்ட வேண்டும், கால்சியம் வேண்டாம் என்றால் அதுவும் முடியும், சுண்ணாம்பில் முடியாது.

பலவீனம், உப்பு. சோடாவிலுள்ள சோடியமும் மறு பாட்டிலின் குளோரைடும் தொட்டியில் மிஞ்சிக் கறியுப்பாகச் சேரும். நாளுக்கு 1.4 டிகேஎச் இப்படியே ஊற்றினால் மாதத்தில் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 0.9 கிராம் உப்பு கூடும். ஸ்கிம்மர் எடுத்துக்கொட்டுவதாலும் தண்ணீர் மாற்றுவதாலும் கொஞ்சம் குறையும்; ஆனாலும் உப்பு மீட்டரைப் பார்க்காமல் ஆறு மாதம் ஓட்டினால் 35 இருக்க வேண்டிய இடத்தில் 38 நிற்கும். ஹான்ஸ்-வெர்னர் பாலிங் கொண்டுவந்த முறையில் கறியுப்பில்லாத கடலுப்பை மூன்றாவதாகச் சேர்ப்பது இந்தக் கோணலைச் சரிக்கட்டத்தான். சுண்ணாம்பில் இந்தத் தொல்லை கிடையாது.

இரண்டு பாட்டிலையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் விட்டால் அங்கேயே பனி பெய்யும். அரை மணி இடைவெளி, நல்ல ஓட்டமுள்ள இடம், இரண்டு தனிக் குழாய். கால்சியம் குளோரைடைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். இந்த ஊர் ஈரத்தில் மூடியைச் சரியாக அடைக்காமல் விட்டேன், ஒரு வாரத்தில் பாதித் தூள் தானாகவே தண்ணீராகிவிட்டது. பிறகு எடை போட்டு என்ன பயன்?

எப்படிச் சொதப்பும் என்ற நம் கேள்விக்கு இது என்ன பதில் சொல்கிறது? ஒரு லிட்டர் ஆப்ப சோடாக் கரைசல் மொத்தமும் என் தொட்டியில் கொட்டினால் ஆல்க் 14 ஏறும், எல்லாம் முடிந்தது. அதனால் நான் பெரிய பாட்டிலைப் பம்ப்பில் இணைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் 220 மில்லி மட்டும் ஊற்றி வைக்கிறேன், கொட்டினாலும் 3 பக்கம்தான் ஏறும். தொட்டிக்கு அடிதான், ஆனால் எழுந்துகொள்ளும்.

ஒற்றைப் பாட்டில் முறையும் வந்திருக்கிறது. டிராபிக் மரீனின் ஆல்-ஃபார்-ரீஃப் அதில் பிரபலம். இதில் கால்சியம் ஃபார்மேட் இருக்கிறது. தொட்டியிலுள்ள பாக்டீரியா ஃபார்மேட்டைத் தின்று ஆல்கலினிட்டியாக மாற்றுகிறது. கால்சியமும் மக்னீசியமும் சில்லறைத் தாதுக்களும் அதே பாட்டிலில். ஒரு பம்ப், ஒரு குழாய், கறியுப்பு சேராது. குறை என்றால், ஊற்றிய உடனே அளந்தால் ஆல்க் ஏறியிருக்காது, பாக்டீரியா தன் வேலையைச் செய்ய நேரம் எடுக்கும். பொறுமையில்லாமல் இன்னொரு மூடி ஊற்றுகிறவர்களுக்கு இது ஆபத்து. அளவு மீறினால் பாக்டீரியா பெருகித் தண்ணீர் கலங்கும், ஆக்சிஜன் குறையும். பிஎச்சை உயர்த்தவும் செய்யாது. பெரிய, பசிகொண்ட தொட்டிக்கு மாதச் செலவு கையைக் கடிக்கும். 60 லிட்டர் தொட்டிக்கு ஒரு பாட்டில் ரொம்ப நாள் வரும்.

கால்சியம் ரியாக்டர் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. குழாயில் பவளச் சல்லியை நிரப்பி, கரியமில வாயுவை விட்டு உள்ளே பிஎச்சை 6.5 பக்கம் இறக்கினால் சல்லி கரைந்து கெட்டியான நீர் வெளியே வரும். சரக்கின் விகிதம் அப்படியே பவளத்துடையது, எதுவும் மிஞ்சாது. ஆனால் சிலிண்டர், ரெகுலேட்டர், பிஎச் கன்ட்ரோலர் என்று நுழைவுச் செலவே பெரிது, வெளிவரும் வாயு தொட்டியின் பிஎச்சை இறக்கும், சரியாகத் திருகி நிறுத்த வாரக்கணக்கில் பிடிக்கும். ஆறடித் தொட்டியில் அக்ரோபோராக் காடு வளர்ப்பவருக்கு இதுதான் சரி. மூன்றடிக்கு இதை வைப்பது தெருமுனைக் கடைக்கு லாரியில் போவது மாதிரி.

என் தொட்டியின் குடி இப்போது 1.4. முழு வீரியத்தில் சுண்ணாம்புத் தண்ணீர் 0.95 கொடுக்கிறது. மிச்சம் 0.45க்கு டூ-பார்ட்டில் ஒவ்வொன்றிலும் 30 மில்லி பக்கம். உப்பு ஏறுவது முழுக்க டூ-பார்ட் ஊற்றியிருந்தால் ஆகியிருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான், வாராந்தரத் தண்ணீர் மாற்றத்திலேயே அது சமாளிபட்டுவிடுகிறது. ஆல்க் 7.8க்கும் 8.2க்கும் நடுவில் நிற்கிறது. 9, 10 என்று ஏற்றி வைத்தால் வேகமாக வளரும் என்பார்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகக் குறைவான தொட்டியில் அப்படி ஏற்றினால் நுனி கருகுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். எனக்கு 8 போதும்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: இந்தியாவில் கல் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்குள்ள அதே அட்டவணை. ஆல்க் கணக்கு போடுவதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈசூன் தம்பிக்கு வருவோம். மூன்று நாள் அளந்தார், நாளுக்கு 0.4. ஆவியாவது அரை லிட்டர் பக்கம். கணக்குப்படி சுண்ணாம்புத் தண்ணீரே தாராளம். ஆனால் அவருக்குக் கப்பலில் வேலை, மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. அம்மாதான் மீனுக்குத் தீனி போடுகிறார். பிஎச் 12 திரவத்தை அந்த வீட்டில் வைக்க எனக்கு மனமில்லை. ஒற்றைப் பாட்டிலை வாங்கச் சொன்னேன், சின்னப் பம்ப் ஒன்றும். முதல் வாரம் பாதி அளவுதான், பிறகு அளந்து பார்த்து ஏற்ற வேண்டும், பம்ப்பில் இரண்டு வாரச் சரக்குக்கு மேல் நிரப்பக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். 6.1இலிருந்து 8க்கு ஒரே நாளில் தூக்காதே, நாளுக்கு அரைக்கு மேல் வேண்டாம் என்றும்.

நேற்று செய்தி அனுப்பியிருந்தார்: "7.6 அண்ணே. ஒரு டார்ச் மட்டும் இன்னும் சுருங்கித்தான் இருக்கு." சுருங்கியது விளக்காலா, ஓட்டத்தாலா என்று படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.